நாற்பது மரமும் ஒரு சட்டையும்

எங்கள் தெருவில் எனக்குப் பெயர் கிடையாது. பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். ஆனாலும் நான் 'தையல்காரம்மா வீட்டுக்காரர்'தான். தபால்காரர் அப்படித்தான் கூப்பிடுகிறார். பால் போடுபவர் அப்படித்தான் சொல்கிறார். போன வருஷம் காய்ச்சலென்று முனை வீட்டு டாக்டரிடம் போனேன். பெயர் கேட்பார், சொல்லலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவர் கேட்கவே இல்லை. மருந்துச் சீட்டின் தலைப்பில் 'தை.வீ.' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டாக்டருக்கு வெள்ளைக் கோட்டு தைப்பது என் மனைவி.

அப்படிப்பட்ட நான், எங்கள் தெருவின் மரக் கமிட்டித் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன் என்றால் எப்படி இருக்கும்? அன்று கூட்டம் முடிந்து நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை. மிதந்து வந்தேன். இனி இந்தத் தெரு என்னை 'தலைவர்' என்றுதான் கூப்பிடும், கூப்பிட வைக்காமல் விடமாட்டேன் என்று வழியிலேயே சபதமும் போட்டுக்கொண்டேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் முன்பு இருபத்திரண்டு மரங்கள் இருந்தன. எல்லாம் ஒரே ஜாதி, எல்லாம் ஒரே வயசு. போன வருஷப் புயலில் எல்லாம் ஒரே மத்தியானத்தில் விழுந்தன. அன்றிலிருந்து தெரு மொட்டையடித்தாற்போல் கிடக்கிறது. பூங்காத்துறையில் நாற்பது கன்று தருகிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. எந்த வீட்டு வாசலில் எந்த மரம் என்று சனிக்கிழமைக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியல் சரியில்லையென்றால் நாற்பது கன்றும் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். நம் முறை மறுபடி வர ஐந்து வருஷம்.

"யார் தலைமை ஏத்துக்கறீங்க?" என்று கூட்டத்தில் தெருச் சங்கத் தலைவர் கேட்டார். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற லைன்மேன் எழுந்தார். "நம்ம தையல்காரம்மா வீட்டுக்காரர் இருக்காரே!" என்றார். அவ்வளவுதான். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்று நாலு வருஷம் சண்டை போட்ட தெரு இது. இவ்வளவு ஒற்றுமையாகக் கைதட்டுகிறார்களே என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கழுத்தில் துண்டு விழும்போது யார் யோசிக்கிறார்கள்?

வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி முன்னறை ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, தலைவராயிட்டீங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முகத்துலயே தெரியுதே."

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

அந்த ஜன்னலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. மிஷின் அந்த ஜன்னலோரம்தான் இருக்க முடியும். வெளிச்சம் அங்கேதான். முன்பெல்லாம் வெளியே ஒரு மரம் நின்றது. அது விழுந்ததிலிருந்து மூணு மணி ஆனால் வெயில் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மிஷின் இரும்பு கையைச் சுடுகிறது. வேர்வை பட்டு வெள்ளைத் துணியில் கறை விழுகிறது. திரையை இழுத்தால் நூல் கோக்கக் கண் தெரிவதில்லை. அதனால் தினமும் மூணு மணிக்கு என் மனைவி மிஷினை மூடிவிட்டு, ஆறு மணிவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சீருடைகள் மலையாகக் குவிந்திருக்கும். அப்போதும் அப்படித்தான். ஒரு வார்த்தை புலம்பியதில்லை. குவிந்து கிடக்கிற துணியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கவலையே படாதே. உன் ஜன்னலுக்கு நேரா நிழலைக் கொண்டுவந்து நிறுத்தறேன்" என்றேன். "தெரு முழுக்க ஒரே மரம். நாற்பதும் செம்மயில்கொன்றை! பூத்துதுன்னா தெருவே பத்தி எரியற மாதிரி இருக்கும். வெளியூர்லேர்ந்து ஜனங்க போட்டோ எடுக்க வருவாங்க."

இதில் எனக்கு அனுபவம் உண்டு. நான் காலண்டர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். எந்த மாசத்துக்கு எந்தப் படம் என்று முடிவு செய்வது நான்தான். பதினெட்டு வருஷமாக எத்தனையோ மரங்களைப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஓரடிக்கு முக்காலடி அளவில். செம்மயில்கொன்றைப் படம் போட்ட வருஷம் காலண்டர் ஒன்றுகூட மிஞ்சியதில்லை.

"அகலம் என்ன வரும்?" என்றாள்.

"எதுக்கு?"

"மரத்துக்குத்தாங்க."

நான் கையால் ஒரு சாண் காட்டினேன். படத்தில் அவ்வளவுதான் இருந்தது.

"அதுக்குத் தோள் முப்பதடி வரும்ங்க. நம்ம நடைபாதை ஆறடி. மீதி இருபத்துநாலடி யார் வீட்டுக்குள்ள போய் நிக்கும்?"

"மரத்துக்கு ஏதும்மா தோள்?"

"ஏன் இல்லாம? தோளு, இடுப்பு, நீளம் எல்லாம் உண்டு. நடுற அன்னிக்கு இருக்கிற அளவுக்கு இடம் பாத்தா ஆகாது. வளர்ந்து நிக்கிறப்ப என்ன அளவோ, அதுக்குப் பாக்கணும். வளர்ற பிள்ளைக்கு மடிச்சு விட்டுத் தைக்கிறோம்ல? அந்த மாதிரி. அப்புறம் இன்னொண்ணு. அந்த மரம் வெயில் ஏறுற நேரமாப் பாத்து இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். என் ஜன்னலுக்கு நிழல் வேண்டியதே அப்பத்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தலைவராகி முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் எதிர்க்கட்சியா?

"இதோ பாரும்மா. உனக்குத் துணி தெரியும், எனக்கு மரம் தெரியும். மர விஷயத்துல நீ தலையிடாதே."

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி கத்தினால் பயப்படாதீர்கள். அழுதால்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் ஊசியில் நூலைக் கோத்தபடி, நிதானமாக, "சரிங்க" என்று சொன்னால், அந்த இடத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு சாப்பிடப் போய்விடுங்கள். நான் போகவில்லை.

அன்றே ஒரு ஒப்புதல் படிவம் தயாரித்தேன். 'தெரு முழுவதும் செம்மயில்கொன்றை நட முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே கையெழுத்துக்குக் கோடு. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க. அடியில சின்னதா ஒரு கட்டம் போட்டு, 'சிறு மாற்றம் ஏதாவது இருந்தால்'னு எழுதிடுங்களேன். ஜனங்க ஏதாவது சொல்லணும்னு ஆசைப்படுவாங்க. சொன்னாத்தான் அவங்களுக்குத் திருப்தி. கையெழுத்தும் சீக்கிரமாப் போடுவாங்க."

அட, ஜனநாயகம்! எனக்கே தோன்றாமல் போயிற்றே. கட்டம் போட்டேன். எங்கள் அச்சகத்திலேயே அடித்துக்கொண்டு வந்தேன்.

முதலில் எதிர்வீட்டு லைன்மேன். கதவைத் தட்டுவதற்குள் பேனாவோடு வந்துவிட்டார்.

"செம்மயில்கொன்றையா? பிரமாதம் சார்! எங்கே கையெழுத்து? இங்கேயா? போட்டாச்சு. ஒரே ஒரு சின்ன மாத்தம்."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"எங்க வரிசையில தலைக்கு மேல கரண்ட் கம்பி போகுது பாருங்க. முப்பத்தஞ்சு வருஷம் அந்தக் கம்பியிலேர்ந்து கிளை வெட்டினவன் நான். ரிட்டயர் ஆகியும் ஏணி ஏற வெச்சுடாதீங்க. என் வாசல்ல மட்டும் சின்ன மரமா மந்தாரை போட்டுடுங்க. பூவும் பூக்கும், கம்பியையும் தொடாது. மத்த வீட்டுல எல்லாம் நீங்க சொன்ன மரம்தான்!"

ஒரே ஒரு வீடுதானே? விட்டுக்கொடுத்தேன். தலைவன் என்றால் வளைந்து கொடுக்கவும் தெரிய வேண்டும். கட்டத்தில் 'வாசலுக்கு நேராக மந்தாரை, மேலே கம்பி' என்று காரணத்தோடு எழுதிக்கொண்டேன்.

அடுத்து இஸ்திரிக்காரர். வாசலில் மேஜை போட்டு வேலை செய்பவர். நிழல் என்றால் உயிரையே விடுவார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன அழகான மரம் சார்! ஆனா அந்தச் சிவப்புப் பூ டாக்டரோட வெள்ளைக் கோட்டுல விழுந்து, நான் அது மேலயே பெட்டியை வெச்சுத் தேச்சேன்னு வைங்க, அவரு ஆபரேஷன் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கும். எனக்கு மட்டும் ஒரு புங்கம். புங்கம்பூ தட்டினாப் போயிடும். நல்ல நிழல் வேற."

நியாயம்தான். 'புங்கம்' என்று எழுதினேன்.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி குழாய்க்காரர். அவரும் முதலில் கையெழுத்து, அப்புறம்தான் பேச்சு.

"அந்த மரத்து வேரு மேலாலேயே ஓடும் சார். நடைபாதைக் கல்லைத் தூக்கிடும். என் வாசல்ல குழாய் ஒன்றரை அடி ஆழத்துலதான் போகுது. ஊர்க் குழாயெல்லாம் சரி பண்றவன் வீட்டுக் குழாயே உடைஞ்சா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா? எனக்கு ஒரு மகிழமரம் போதும். மெதுவாத்தான் வளரும். வேரும் அடக்கமா இருக்கும். அதோட, உங்க மரத்துக்குத் தோள் அகலம் ரொம்ப ஜாஸ்தி சார்."

தோள்! அந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ஒரு கணம் நின்றேன். அதற்குள் அவர் மனைவி டீ கொண்டுவந்துவிட்டார். டீயைக் கண்டால் எனக்கு யோசனை நின்றுவிடும்.

புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் வீடு வீடாக ஏறினேன். ஒரு வீட்டிலும் எதிர்ப்பு இல்லை. எல்லோரும் சிரித்த முகமாக வரவேற்றார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே ஒரு சின்ன மாற்றம். மழைத் தண்ணீர் தேங்குகிற கோடியில் இருப்பவர் பூவரசு கேட்டார். நடைபாதை அகலமாக இருக்கிற முனையில் டாக்டர் வேம்பு கேட்டார். பள்ளி வேன் ஓட்டுபவர், "அந்தக் கிளை காத்துக்குப் படக்குனு முறியும் சார், கீழே என் வேன் நிக்கும், உள்ளே பிள்ளைங்க இருக்கும்" என்று சொல்லி சரக்கொன்றை கேட்டார். ஒருவர், "மடிச்சு விட்டு இடம் பாக்கணும் சார்" என்றுகூடச் சொன்னார். எங்கள் தெருவில் இவ்வளவு மரஞானம் கொட்டிக்கிடக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. பெருமையாக இருந்தது. தலைவன் நல்லவனாக வாய்த்தால் மக்களும் மலர்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படிவங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவில் எங்கள் வீட்டோடு முப்பத்தொன்பது வீடு. கன்று நாற்பது. உபரியாக வருகிற ஒன்றையும் என் வாசலிலேயே ஜோடியாக வைத்துவிடுவது என்று ரகசியமாக முடிவு செய்திருந்தேன். எண்ணினேன். சம்மதக் கையெழுத்து முப்பத்தெட்டு. அபார வெற்றி! சிறு மாற்றங்களை எண்ணினேன். அதுவும் முப்பத்தெட்டு.

மறுபடி எண்ணினேன். மந்தாரை பதினாலு, புங்கம் எட்டு, பூவரசு ஐந்து, வேம்பு நாலு, மகிழம் நாலு, சரக்கொன்றை மூணு. தெரு முழுக்கச் செம்மயில்கொன்றை நட ஏகமனதாகச் சம்மதித்த தெருவில் ஒரு செம்மயில்கொன்றைகூட இல்லை.

"அய்யோ!" என்றேன்.

"என்னங்க?"

"மரமே இல்லையே!"

"முப்பத்தெட்டு மரம் இருக்கேங்க."

"என் மரம் இல்லையே! எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு ஆளுக்கு ஒண்ணு கேட்டிருக்காங்க. நாளைக்குப் பட்டியல் கொடுக்கணும். மறுபடி வீடு வீடா ஏற நேரம் ஏது? இந்தக் கதம்பத்தைப் பார்த்தா அந்த அதிகாரி தூக்கி எறிஞ்சிடப்போறாங்க. கன்று பக்கத்துத் தெருவுக்குப் போயிடும். உனக்கும் அஞ்சு வருஷத்துக்கு நிழல் கிடையாது, எனக்கும் இந்தத் தெருவுல மூஞ்சி கிடையாது!"

என் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு என் பதவியைவிட அந்த மூணு மணி வெயில்தான் நினைவுக்கு வந்தது. அவள் மிஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"ஒண்ணும் ஆகாதுங்க. உங்க மரம் ஒண்ணு நிச்சயமா உண்டு. நம்ம வீட்டுப் படிவம்தான் இன்னும் காலியா இருக்கே? கையெழுத்தை மட்டும் போடுங்க. நீங்க களைச்சுப் போயிருக்கீங்க, மீதியை நான் எழுதிக்கறேன்."

அந்தக் கனிவில் கண் கலங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டேன்.

"அப்புறம், நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று ஒரு புதுச் சட்டையை நீட்டினாள். வெளிர்நீலம். தைத்து, பித்தான் வைத்து, தேய்த்தும் ஆயிற்று.

"எப்போ அளவெடுத்தே?"

"உங்களை அளக்க டேப் எடுக்கணுமா?"

போட்டுப் பார்த்தேன். கச்சிதம். மார்புப் பக்கம் மட்டும் ஒரு பிடி தளர்வு. வலது தோளில் உள்ளே மெத்தென்று ஏதோ இருந்தது.

"இது என்ன, பஞ்சா?"

"தலைவர்னா ஒரு கம்பீரம் வேணாமா?"

"அப்போ ரெண்டு தோளுக்கும் வெச்சிருக்கலாமே?"

"ரெண்டு பக்கமும் வெச்சா ஆடம்பரமாத் தெரியும்ங்க."

எவ்வளவு நுணுக்கமான ரசனை! கண்ணாடி முன்னால் நின்று வலது பக்கமாகவே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை. பூங்காத்துறை அலுவலகம். அதிகாரி ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பவர். எனக்கு முன்னால் மூன்று தெருக்காரர்கள் பட்டியலோடு உள்ளே போய்ப் பட்டியலோடு வெளியே வந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. என் முறை வந்தது. படிவக் கட்டை மேஜையில் வைத்தேன். அதிகாரியம்மா முதல் படிவத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பத்தாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"யார் சார் இதைத் தயார் பண்ணினது?"

குரலில் கோபமா என்று தெரியவில்லை. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கதவை ஒரு பியூன் மறித்துக்கொண்டு நின்றார்.

"நான்... தலைவர்... நான்தான்."

"பத்தொன்பது வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். இப்படி ஒரு பட்டியல் வந்ததில்லை!" என்றார். "எல்லாரும் காலண்டரைப் பார்த்துட்டு வந்து ஒரே மரமா நாற்பது கேப்பாங்க. நீங்களும் தலைப்புல அப்படித்தான் போட்டிருக்கீங்க. ஆனா கட்டத்துல கம்பிக்குக் கீழே சின்ன மரம், குழாய்க்குப் பக்கத்துல வேர் அடக்கமான மரம், தண்ணி தேங்கற இடத்துல அதைத் தாங்கற மரம்னு வீடு வீடாப் பார்த்திருக்கீங்க. ஒரே ஜாதியா இல்லாம ஏழு வகை. ஒரு பூச்சி வந்தாலும் ஒரு புயல் வந்தாலும் மொத்தமும் போகாது. இதுதான் சார் மரம் தேர்வு பண்ற முறை!"

காலண்டர் என்று சொன்னபோது லேசாக இருமினேன். மற்றபடி உடம்பு பூரித்துவிட்டது. நெஞ்சு விரிந்தது. சட்டை அதற்கும் இடம் கொடுத்தது.

"ஒரே ஒரு சந்தேகம்" என்று கடைசிப் படிவத்தை எடுத்தார். "எல்லா வீட்டுக்கும் வாசலுக்கு நேரா இடம் குறிச்சிருக்கீங்க. இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் புங்கம், வாசல்லேர்ந்து ஏழடி இடது பக்கம் தள்ளி. ஏன்?"

எட்டிப் பார்த்தேன். என் வீடு. என் கையெழுத்து. மேலே மனைவியின் எழுத்து. வாசலிலிருந்து ஏழடி இடது பக்கம் என்ன இருக்கிறது? ஒரு கணம்தான். பிறகு புரிந்தது. ஜன்னல்.

"அந்த வீட்டுல ஒருத்தங்க ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்யறாங்க மேடம். ஒரு வருஷமா மூணு மணிக்கு வெயில் வந்து எழுப்பிவிட்டுடுது. ஏழடி தள்ளி வெச்சாத்தான் நிழல் அவங்க கைமேல விழும்" என்றேன். அந்தப் பட்டியலிலேயே எனக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான்.

அதிகாரியம்மா முதல்முறையாகச் சிரித்தார். முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"அப்புறம் இந்த உபரிக் கன்று. செம்மயில்கொன்றை, தெருக்கோடித் திறந்த வெளியில. சரியான இடம். சுத்தி கம்பி, சுவர், குழாய் எதுவும் இல்ல. அது இஷ்டத்துக்குத் தோளை விரிச்சுக்கலாம். ஆனா அங்கே தண்ணி வசதி கிடையாதே? மூணு வருஷம் கையாலதான் ஊத்தணும். பொறுப்பு நீங்கதானே?"

"நானா?"

"இங்கே எழுதியிருக்கே, 'தினமும் காலையில் இரண்டு கேன் தண்ணீர், பொறுப்பு: வீட்டுக்காரர்'னு. கையெழுத்து உங்களுதுதானே?"

என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும். அச்சகத்தில் பாராட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மிஷின் முன்னால் போய் நின்றேன்.

"தெரு முழுக்க நீதானே ஏற்பாடு பண்ணினே?"

"நானா? நான் மர விஷயத்துல தலையிடவே இல்லைங்க. நீங்கதான் தலையிடாதேன்னு சொல்லிட்டீங்களே?"

"அப்போ குழாய்க்காரருக்குத் தோள் எப்படித் தெரியும்?"

"யூனிபார்ம் தைக்க வந்தாரு. அளவெடுக்கறப்ப கையை விரிச்சுக்கிட்டு நின்னுதானே ஆகணும்? ஓட முடியாது. காது சும்மாத்தானே இருக்கும்? ரெண்டு வார்த்தை பேசினோம். அவரு வேரைப் பத்திச் சொன்னாரு. லைன்மேன் அண்ணன் கம்பியைப் பத்திச் சொன்னாரு. அவரு சொன்னதை இவருகிட்டயும், இவரு சொன்னதை அவருகிட்டயும் சொன்னேன். அவ்வளவுதாங்க. எனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஒரு இஞ்ச் டேப்பை வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல், ஒரு தெருவையே அளந்து, வெட்டி, தைத்து முடித்திருக்கிறாள்! குப்பைத்தொட்டிக்கு இடம் சொல்ல முடியாத தெரு! இப்பேர்ப்பட்டவளின் வீட்டுக்காரர் என்று கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், அதைவிட வேறு என்ன பட்டம் வேண்டும் என்றுகூடத் தோன்றியது. வாய்விட்டே சொன்னேன்.

"நீ பெரிய ஆளும்மா."

"கையைத் தூக்குங்க, பித்தான் ஒண்ணு தொங்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நடவு விழா. நாற்பது குழிகள், நாற்பது கன்றுகள். தெருவே வாசலில் நின்றது. சங்கத் தலைவர் ஒலிபெருக்கியில் உணர்ச்சிவசப்பட்டார். "அல்லும் பகலும் பாடுபட்ட நம்ம தையல்காரம்மா வீட்டுக்காரருக்கு..." என்றார். மறுபடியும் கூரையைப் பிய்க்கிற கைதட்டல். ஆனால் எல்லோரும் கைதட்டியபடி எங்கள் வீட்டு ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தப் பக்கம் திரும்பிக் கைதட்டினேன். ஏழடி தள்ளி நட்ட புங்கங்கன்றில் பதினோரு இலை இருந்தது. என் மனைவி அதன் நுனியிலிருந்து மிஷின் வரை டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாலு வருஷம். சரியா வரும்" என்றாள்.

திங்கட்கிழமை காலை. இரண்டு கேன். வீட்டுக் குழாயிலிருந்து தெருக்கோடித் திடலுக்கு முந்நூற்றிருபது அடி. பழைய சட்டையைத் தேடினேன், எல்லாம் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. புதுச் சட்டையையே மாட்டிக்கொண்டு முதல் கேனைத் தூக்கி வலது தோளில் வைத்தேன். கேன் சறுக்கவில்லை. அழுத்தவில்லை. குழந்தை தொட்டிலில் படுக்கிற மாதிரி படுத்துக்கொண்டது. எனக்கு எங்கேயோ இடித்தது.

தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி குளிக்கப் போயிருந்தாள். மிஷின் மேல் அவளுடைய அளவு நோட்டு கிடந்தது. யார் யாருக்கு என்ன அளவு என்று தேதி போட்டு எழுதுவாள். புரட்டினேன். எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. தேதியைப் பார்த்தேன். கூட்டத்தில் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால்.

'வீட்டுக்காரர். மரக் கமிட்டித் தலைவர் சட்டை. மார்பு 36. பாராட்டினால் 38 வரும், விட்டுத் தைக்கவும்.'

அதற்குக் கீழே இன்னொரு வரி.

'வலது தோளில் பஞ்சு இரண்டு மடிப்பு. தண்ணி கேன் அங்கேதான் உட்காரும்.'